சுகிர்தா பயம் படித்த கதை

கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் ஜன்னல் ஓரம் சுகிர்தா, இந்தப் பக்கம் நான். அவள் மீஞ்சூரில் ஏறுவாள், நான் பொன்னேரியில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் வேன் நுழைகிற வரைக்கும் என் வாய் ஓயாது என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். என் பெயர் ஹஸ்னா. பிறந்தது பழவேற்காட்டில் ஒரு வியாபாரக் குடும்பம், பேச்சு கொடுத்துப் பேச்சு வாங்கியே வளர்ந்தவள். குவாலிட்டி செக்‌ஷனில் உட்கார்ந்து ஸ்கூட்டர் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. மனிதர்களையும் அப்படிப் போடலாம் என்றால் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் அந்தப் பெட்டிக்குள்தான் இருப்பார்கள்.

சுகிர்தா பேசமாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் வேன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவள் அதில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்து நடுவில் கோடு போட்டு, அதன் தலையில் சின்னதாக ஒரு கீறல் கீறினாள். 怕.

"இன்னாடி இது, கோலமா?"

"சீன எழுத்துக்கா."

"அது எதுக்குடி உனக்கு?"

அவள் கோட்டையும் சொட்டுகளையும் தொட்டுக் காட்டினாள். "இது நெஞ்சு. நின்னுக்கினு இருக்கிற நெஞ்சு. இந்தப் பொட்டி வெள்ளை. நெஞ்சு பக்கத்துல வெள்ளை வந்தா பயம். அன்னிக்கு எனக்கு போன் வந்துச்சில்ல, அப்ப சர்ச்சு வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். எதிர்ல புதுசா வெள்ளையடிச்ச செவுரு. போனைக் காதுல வச்சிக்கினு அதையே பாத்துக்கினு இருந்தேன். அதனால இந்த எழுத்து மறக்கவே மாட்டேங்குதுக்கா."

 கவரைப்பேட்டை தாண்டியும் என் சத்தம் கேட்காததால் டிரைவரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அது, அவள் புருஷன் தானியேலுக்குக் கம்பெனியில் அடிபட்டுவிட்டது என்று சொன்ன போன். அவன் பிழைக்கவில்லை. தானியேல் எங்கள் கம்பெனியில் மூணாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர். பிரஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு மெஷின். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. தகட்டை நடுவில் வைத்து, கையை வெளியே எடுத்து, காலால் பெடலை மிதித்தால் மேல் அச்சு இறங்கி ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி மேலே போய் நின்றுகொள்ளும். மூணாம் நம்பர் சீனாவிலிருந்து வந்தது. பளபளவென்று பச்சைப் பெயின்ட்டோடு லாரியிலிருந்து இறங்கியபோது, புது மெஷின் என்று நாங்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

தானியேல் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஆயுதபூஜைக்கு எல்லோரும் அவரவர் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். இவன் துடைத்து வைப்பதோடு சரி. "எங்க சபையில ஒத்துக்கமாட்டாங்க லோகு, நீயே வச்சிடு," என்று அடுத்த ஷிப்ட் ஆபரேட்டரான லோகுவிடம் விட்டுவிடுவான். ஆனால் பொரிகடலைக்கு நீள்கிற முதல் கை இவனுடையதுதான்.

ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரம், தகடு அச்சில் சிக்கிக்கொண்டது. எடுப்பதற்காக உள்ளே சாய்ந்தான். மேல் அச்சு இறங்கிவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் மெயின்டனன்ஸ் ஆட்கள் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். தங்கமாக ஓடியது. அப்படியென்றால் தப்பு மனுஷன்மேல்தானே? தூக்கக் கலக்கத்தில் பெடலில் கால் வைத்தபடியே குனிந்துவிட்டான் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். வேலை நேரத்தில் கொட்டாவி கூட விடாதவன் செத்த பிறகு தூங்குமூஞ்சி ஆனான்.

சுகிர்தாவுக்கு பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். புருஷன் போனால் பெண்டாட்டிக்கு வேலை கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதில் இரக்கம் எவ்வளவு, வாயை அடைக்கிற யோசனை எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை. பேக்கிங் மேஜை பிரஸ் வரிசைக்கு நேர் எதிரே இருந்தது. தலை நிமிர்ந்தால் மூணாம் நம்பர்.

அவள் வந்து சேர்ந்து கொஞ்ச நாளில்தான் அது நடந்தது. லோகு தகடு வைத்து, பெடலை மிதித்து, ஒரு அடி விழுந்து, மேல் அச்சு போய் நின்றது. அவன் அடுத்த தகட்டுக்குத் திரும்பினான். கால் தரையில். டம். ஒட்டி இன்னொரு அடி, யாரும் மிதிக்காமல். லோகுவின் கை வெளியே இருந்ததால் பிழைத்தான். ஆனால் முகத்தில் உயிர் இல்லை. "தானியேலு," என்று மட்டும் சொன்னான்.

அவ்வளவுதான், ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. சாமிக்குப் பொட்டு வைக்காமல் அந்த மெஷினில் நின்றவன், அல்பாயுசில் போனவன், போகமாட்டாமல் அங்கேயே நிற்கிறான், துணைக்கு ஆள் கேட்கிறான் என்றார்கள். சூப்பர்வைசரே கற்பூரம் வாங்கிவரச் சொன்னார். மெஷினை நிறுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, மெஷினோடு சேர்ந்த பின்பக்க இரும்புத் தூணில் இருந்த ஆணியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டு, தூண் முழுக்கச் சந்தனம் அப்பினார்கள். எல்லாம் முடிந்து டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினால் மெஷின் சொன்னபடி கேட்டது. "பாத்தியா, அடங்கிட்டான்," என்றார்கள். சில வாரம் கழித்து மறுபடி இறங்கும். மறுபடி பூசணிக்காய். மறுபடி அடங்குவான்.

நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. எங்கள் வீட்டில் பேய் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் மூணாம் நம்பர் பின்பக்கமாகப் போக வேண்டியிருந்தால் நானும் வாய்க்குள் ஓதிக்கொண்டுதான் போவேன். அங்கே நிற்கும்போது பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். மேலே ஃபேன் ஓடுகிறது என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

ஆனால் சுகிர்தாவை நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே நிமிர்கிறாள். எதிரே, அவள் புருஷனை விரட்ட அவன் கூட்டாளிகளே பூசணிக்காய் உடைக்கிறார்கள். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஒரு நாள் கேன்டீனில் என்னிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை கல்லறைக்குப் போய் பூ வச்சிட்டு வரேன்க்கா. திங்கக்கெழமை இங்க வந்தா அவரு இந்த மெஷின்ல இருக்காருன்றாங்க. எங்கக்கா இருக்காரு அவரு? லோகுவை அடிப்பாராக்கா? லோகு பொண்ணுக்குக் காது குத்தனப்ப மடியில வச்சிக்கினு இருந்தவரு இவருதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பயந்தவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

அந்தச் சமயத்தில் மெஷின்களை சர்வீஸ் பண்ண சீனாவிலிருந்து பெங் என்கிற இன்ஜினியர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒல்லியான ஆள், கேன்டீன் ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிப்பார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. எச்.ஆர். ரம்யா மேடம் மொபைலை நடுவில் நீட்டிக்கொண்டு நிற்பாள். நாம் சொன்னால் அது சீனத்தில் பேசும், அவர் சொன்னால் ஆங்கிலத்தில் பேசும். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்திலேயே பேச்சு நடந்ததால் சுகிர்தாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். லோகு முன்னால் வந்து, "மெஷின் தானா இறங்குது சார், எங்களுக்கு பயமா கீது," என்றான். ரம்யா மேடம் தோளைக் குலுக்கி, ஆட்கள் இங்கே பேய் இருப்பதாக நம்புகிறார்கள் என்று ஆங்கிலத்தில் மொபைலிடம் சொன்னாள். அது என்னவோ சொன்னது. பெங் மரியாதைக்குச் சிரித்தார். ரம்யா மேடமும் சிரித்தாள். அவர் காலை நேரத்தில் மெஷினை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத் திரும்பும்போது வேனில் சுகிர்தா சொன்னாள். "அந்த மெஷினைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் அவருதான். அவருகிட்ட நம்ம பயத்தைச் சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. அடுத்த தடவை நான் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மொபைலில் பாடம் கேட்பாள், வேனில் என் தோளில் இடித்தபடி முணுமுணுப்பாள். சீன எழுத்துகளைக் கோடு கோடாக மனப்பாடம் பண்ணினால் மறுநாளே மறந்துபோகும், ஒவ்வொன்றையும் பிரித்து அதற்குள் ஒரு படம் பார்த்தால்தான் நிற்கும் என்று ஒரு பாடத்தில் சொன்னார்களாம். மற்ற வார்த்தைகளுக்கு அவள் சாதாரணப் படங்கள் வைத்துக்கொண்டாள். பயத்துக்கு வந்தபோது வேறு படமே அவளுக்குக் கிடைக்கவில்லை. எல்லா எழுத்துக்கும் அந்த ஒரே நாளிலிருந்து எடுத்தாள்.

வாய்க்குப் பக்கத்தில் 'கீழே' வந்தால் மிரளுதல், 吓. போன் செய்தியை அவளுடைய அம்மாவிடம் சொன்னபோது அம்மாவின் வாய் அப்படியே கீழே தொங்கியது, மூடவே இல்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் தலைநகரம் வந்தால் திடுக்கிடுதல், 惊. பெரிய ஆஸ்பத்திரிக்கு சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி இவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம், சென்னைக்குப் போயிருந்தால் பிழைத்துவிடுவார் என்று நினைத்தாளாம். நெஞ்சுக்குப் பக்கத்தில் கருவி வந்தால் அச்சம், 惧. அவன் ஸ்பானர் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் துணி வந்தால் திகில், 怖. அந்தத் துணி எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ஏன்டி இப்படி? வேற நல்ல ஞாபகமா வச்சிக்கக் கூடாதா?" என்று திட்டினேன். தினமும் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் செத்த நாளை மறுபடி மறுபடி வாழ்ந்துகொண்டு வருகிறவளை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கே கனவில் வெள்ளைச் சுவர் வர ஆரம்பித்துவிட்டது.

"பயத்துக்கு சந்தோசமான ஞாபகத்துக்கு நான் எங்கக்கா போவேன்?" என்றாள்.

அவள் அதிகம் எழுதிப் பார்த்தது ஒன்றை. மேலே வேலை, கீழே நெஞ்சு. 恐. மேலே இருப்பதில் ஒரு பகுதிக்கு வேலை என்று அர்த்தமாம், தொழிற்சாலை என்று எழுதவும் அதைத்தான் போடுவார்களாம். இதில் நெஞ்சு நிற்காது, அடியில் படுத்துக் கிடக்கும். "பாருக்கா. மேல இருக்கறது எறங்குது. அடியில நெஞ்சு," என்று உள்ளங்கையில் வரைந்து காட்டினாள். நான் பார்த்தேன். அது ஒரு பிரஸ்தான். அதற்குப் பிறகு மூணாம் நம்பரை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

ஒரே ஒரு எழுத்து மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் 'போ'. 怯. தைரியம் விட்டுப்போவது என்று அர்த்தம். "இதுக்கு மட்டும் அந்த நாள்ல ஒண்ணும் கிடைக்கலக்கா. எழுதறேன், மறந்துபூடுது," என்றாள். கிடைக்காமலே இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெங் மறுபடி வந்தார். இடைப்பட்ட மாதங்களில் மூணாம் நம்பர் பல தடவை தானாக இறங்கியிருந்தது. ஒரு தடவை லோகுவின் கையுறை நுனியைப் பிடித்துக்கொண்டது. அவன் வேலையை விடுகிறேன் என்றான். பெண்டாட்டி பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று மறுநாள் திரும்பி வந்தான். வந்து பெடலுக்குப் பக்கத்தில் நின்று, "தானியேலு, வேணாண்டா," என்று காலி இடத்தைப் பார்த்துக் கும்பிட்டதை சுகிர்தா பார்த்தாள்.

ரம்யா மேடம் மொபைலோடு வருவதற்குள் சுகிர்தா டேப்பைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர் எதிரே போய் நின்றாள். அவளுடைய சீனம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெங் இரண்டு தடவை "ஆ?" என்று காதைக் கொடுத்தார். அப்புறம் அவருக்குப் புரிந்தது, ஏனென்றால் முகம் மாறியது. என்ன சொன்னாய் என்று பின்னால் கேட்டேன். "வேலை செய்றவங்க இந்த மெஷினுக்கு பயப்படறாங்க. நானும் பயப்படறேன். என் புருஷன் இதுல செத்தாரு. இது தானா எறங்குது. அதான் சொன்னேன்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இறங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். பூசணிக்காய்க்கும் கற்பூரத்துக்கும் அவளிடம் வார்த்தை இல்லை. நெருப்பைச் சுற்றுவதுபோல, எதையோ தரையில் உடைப்பதுபோல, எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்பதுபோலச் செய்து காட்டினாள். மெஷின் அப்போது ஓடுமா, நிற்குமா என்றார். நிற்கும் என்றாள். எவ்வளவு நேரம் என்றார். ஒரு மணி நேரம் போல ஆகும் என்றாள். அவர் மெஷினின் பின்பக்கம் போய்த் தூணைப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையிலிருந்து யாரையும் கிட்டே விடாமல், நீளமான கழியால் தகட்டைத் தள்ளி, அவரே ஓட்டினார். டீ நேரத்திலும் நிறுத்தவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. அவர் பெடலின் ஒயரைக் கழற்றினார். கழற்றிய பெடலைத் தூக்கிவந்து சுகிர்தாவின் மேஜையில் வைத்து, அதன்மேல் கை வைத்துக்கொள்ளச் சொன்னார். மேல் அச்சு உச்சியில் நின்றது. பக்கத்துச் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ் அச்சின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு விலகி நின்றார்.

நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஓதக்கூட வரவில்லை.

டம்.

கட்டை சிம்பு சிம்பாகத் தெறித்தது. லோகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "பெடலு அவன் பொண்டாட்டி கையில கீது. அப்பவும் அடிக்கிறான் பாரு!"

 மெஷின் தானாக இறங்கும் என்று நிரூபிக்க இத்தனை நாள் சுகிர்தா பாடுபட்டாள். நிரூபித்த அடுத்த நொடியே அது அவள் புருஷன் தலையில் இன்னும் கெட்டியாக விடிந்தது. நான் எழுந்து அவளிடம் போவதற்குள் அவள் பெடலைத் தள்ளிவிட்டு பெங்கைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் கையைத் துடைத்தார். மறுபடி கேட்டாள், சத்தமாக. கேட்டது இதுதான் என்று பின்னால் அவளே சொன்னாள். இங்கே வருவதற்கு முன்னாடி? இங்கே வருவதற்கு முன்னாடி இது இறங்கியதா?

பெங் மெஷினை நிறுத்தினார். பின்பக்கத் தூணுக்குப் போனார். ஆணியில் தொங்கிய எலுமிச்சம்பழச் சரங்களை, காய்ந்ததும் பச்சையுமாக, ஒவ்வொன்றாக எடுத்துக் கவனமாகக் கீழே வைத்தார். ஸ்க்ரூடிரைவரால் சந்தனத்தைச் சுரண்டினார். அது பாளம் பாளமாக உதிர்ந்தது. அதற்கடியில் பச்சைப் பெயின்ட். அதையும் சுரண்டினார். ஆணியின் அடியில் ஏதோ முடிச்சு மாதிரி இருந்தது, பெயின்ட் அடித்தவர்கள் அதன்மேலேயே அடித்துவிட்டார்கள். நகத்தால் பிரித்தார். சிவப்புத் துணி.

நாங்கள் எலுமிச்சம்பழம் கட்டிய அதே ஆணி.

அவர் பேசப் பேச சுகிர்தா நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். ரம்யா மேடத்திடம் இல்லை, லோகுவைப் பார்த்து. "இது புது மெஷினு இல்லயாம். அவங்க ஊர்ல வருசக்கணக்கா ஓடினதாம். அவரு வேலை கத்துக்கினதே அந்தக் கம்பெனியிலதானாம். அங்கயும் தானா எறங்குமாம். ஒருத்தருக்குக் கை போச்சாம். அதுக்கு முன்னாடி செத்துப்போன யாரோதான் இழுக்கறாங்கன்னு சொன்னாங்களாம். செவப்புத் துணி கட்டி, காகிதம் கொளுத்தி, பொகை அடங்கற வரைக்கும் மெஷினை நிறுத்தி வப்பாங்களாம். அப்புறம் நல்லா ஓடுமாம். அப்புறம் பெயின்ட் அடிச்சு வித்துட்டாங்களாம். போன தடவையே இந்த ஆணியைப் பாத்தப்ப அவருக்குச் சந்தேகம் வந்துச்சாம். கேக்க பயந்துட்டாராம்."

பெங் தன் மார்பைத் தொட்டு இரண்டு வார்த்தை சொன்னார். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. பயம் என்கிற அந்த வார்த்தை எனக்கே தெரிந்திருந்தது, வேனில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

"அப்ப இங்க தானியேல் இல்லியா?" என்றான் லோகு. அப்புறம், "அப்ப அங்க எறக்குனது யாரு?"

"யாரும் இல்லண்ணா. பிரேக்கு. சூடு ஏறிடுச்சின்னா மேல் அச்சைப் பிடிக்காதாம். நாம ஒவ்வொரு வாட்டியும் பூசணிக்கா ஒடச்சி, டீ குடிச்சி, அதை ஆற வச்சிடறோம். ஆறினா நல்லா ஓடுது. அவரு அடங்கிட்டாருன்னு நெனச்சோம். காலையில ஓட்டிப் பாத்தவங்களும் ஆறிக்கெடந்த மெஷினைத்தான் பாத்தாங்க."

 தரையில் கிடந்த எலுமிச்சம்பழங்களைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரேக்கைப் பற்றி மட்டும் அவர் சொல்லியிருந்தால் ஷெட்டில் பாதிப் பேர் நம்பியிருக்கமாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயம். அந்தத் துணி முடிச்சை நம்பாமல் இருக்க முடியவில்லை, அது எங்களைப் போன்றவர்கள் கட்டியது.

ரம்யா மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சொல்றாரு அவரு? சுருக்கமா சொல்லு சுகிர்தா."

"என் வீட்டுக்காரர் தூங்கலன்னு சொல்றாரு மேடம்."

லோகு எழுந்து வந்தான். அவள் காலில் விழப் போனவனைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டது. "பேஜாரு பண்ணாதண்ணா," என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

கம்பெனி மூணாம் நம்பரைத் தள்ளிவிட முடிவு செய்தது. உடைக்கவில்லை, விற்றார்கள். ஆந்திரா பக்கம் யாரோ வாங்கினார்கள். பிரேக் மாற்றித்தான் ஓட்டுவார்கள் என்றார்கள். பெயின்ட் அடித்துத்தான் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தூக்கக் கலக்கம் என்று எழுதியதை மாற்றச் சொல்லி சுகிர்தா மனு கொடுத்திருக்கிறாள். பார்க்கலாம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாரி வந்த அன்றைக்கு அவள் பேக்கிங் பெட்டிக்குப் பெயர் எழுதுகிற பெயின்டை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தூணில் 'சூடானால் தானாக இறங்கும்' என்று பெரிதாக எழுதினாள். லோகு வீட்டில் பேசுவது தெலுங்கு. அதையே அவன் தெலுங்கில் எழுதினான். கீழே அவள் ஒரு கோடும் இரண்டு சொட்டும் போட்டு, பக்கத்தில் அந்த வெள்ளையை எழுதினாள். சிவப்புத் துணியை யாரும் அவிழ்க்கவில்லை.

மெஷின் போன இடத்தில் கருப்பாக எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட் குழியும் மிச்சம். ஷிப்ட் முடிந்து எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி சாதாரணமாகப் போனார்கள். இத்தனை நாள் சுற்றிப்போனவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டு. ஒருத்தரும் தானியேலின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சுகிர்தா போய் நடுவில் நின்றாள். மேலே பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

வேனில் வழக்கம்போல ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தூசிதான் இருந்தது. அதில் ஒரு கோடு இழுத்து இரண்டு சொட்டு வைத்தாள். பக்கத்தில் 'போ' எழுதினாள்.

"ஒட்டாம இருந்துச்சே இந்த எழுத்து, இன்னிக்கு ஒட்டிக்கிச்சுக்கா," என்றாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? நல்லதுதானே நடந்துச்சு? அவன் பேரைக் காப்பாத்திட்டல்ல?"

"காப்பாத்திட்டேன்க்கா." கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "இத்தினி நாளும் அங்க இருக்காரு, அங்க நிக்கிறாருன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க. நான் இல்லவே இல்லன்னு சண்ட போட்டேன். ஆனா தெனமும் காலையில நிமிந்து ஒரு தடவை அந்தப் பக்கம் பாப்பேன்க்கா. மெஷினு ஒட்டி ரெண்டு அடி அடிச்சா எல்லாரும் அலறுவாங்க, எனக்கு மட்டும், தோ கூப்புடறாருன்னு இருக்கும். இப்ப அங்க யாரும் இல்ல. நானே இல்லன்னு காட்டிட்டேன். நாளிக்கு வந்து எதைக்கா பாப்பேன்?"

  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. பொன்னேரி வந்து வேன் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். இறங்கவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவர் வண்டியை எடுத்தார், நான் மீஞ்சூர் வரைக்கும் போனேன்.